முழு உரை உள்ளவை மட்டும்

என் அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. இருபத்தாறு வருஷமாக ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். "சாப்பாடு ரெடி" என்று அவள் சொன்னால் மூன்றாவது வீட்டில் இருப்பவர்கள் எழுந்து கை கழுவுவார்கள். அத்தான் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க அரைக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் இருந்து காது பழகிப்போனதால்தான் இந்தக் கல்யாணம் தாக்குப்பிடிக்கிறது என்று அவரே சொல்வார். நான் அவளுடைய ஒரே தங்கை. நூலகத்தில் தகவல் மேசையில் இருக்கிறேன். என் வேலையில் பாதி, சத்தம் போடுகிறவர்களை அடக்குவது. ஒரே வயிற்றில் இப்படி இரண்டு எப்படிப் பிறந்தன என்று அம்மா கடைசிவரை ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தாள்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்று ஆசை வந்தது. வந்த விதமும் அவளைப் போலவேதான். ஒரு பயணி அறிவிப்பு அறையின் கண்ணாடியைத் தட்டி, "அட, உள்ள ஆள் இருக்கா? ரெக்கார்ட் பண்ணின குரல்னுல்ல நினைச்சேன்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு. மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்து, "நிலைய அறிவிப்பாளர்களப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களான்னு எப்படித் தேடறது, சொல்லிக் குடு" என்றாள். வேலை செய்தபடியே பகுதி நேர ஆய்வாளராகப் பதிவு செய்துகொண்டாள். கிடைத்த நெறியாளர் அவளைவிட எட்டு வயது இளையவர். அவளைப் பார்த்தாலே எழுந்து நின்றுவிடுவார்.

வேலையென்று இறங்கினால் அக்கா பேய் மாதிரி உழைப்பாள், அதை நான் மறுக்கவே மாட்டேன். பழைய செய்தித்தாள்களின் இணைய ஆவணக் காப்பகத்தில் ஒலிபெருக்கியைப் பற்றி வந்த வாசகர் கடிதங்களை ஐம்பது வருஷத்துக்குத் தோண்டி எடுத்தாள். ரயில்வே சுற்றறிக்கைகளைப் பக்கம் பக்கமாகத் திரையில் பெரிதாக்கிப் படித்தாள். ஆனால் இரண்டு வருஷம் கழித்து ஆய்வேட்டுத் தரவுத்தளத்துக்கு வந்ததும் என் உயிரை வாங்க ஆரம்பித்தாள். அங்கே சில ஆய்வேடுகள் முழுதாகத் திறக்கும். சிலவற்றுக்குப் பெயரும் ஆண்டும் மட்டும் இருக்கும், பக்கத்தில் ஒரு பூட்டுப் படம் இருக்கும். அந்தப் பூட்டைக் கண்டாலே போன் வந்துவிடும்.

"ஏய் கேட்டலாக்! மறுபடியும் பூட்டு வருதுடி!"

என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். ஒரே வாரத்தில் பத்தொன்பது போன். பூட்டு என்றால் அந்த நூல் இன்னும் ஸ்கேன் செய்யப்படவில்லை, எங்கோ ஒரு கிடங்கில் தாளாக இருக்கிறது, கேட்டால் வரவழைக்கலாம் என்று எத்தனை தடவை சொல்வது? அந்த ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய் அவள் வீட்டுக்கே போனேன். அவள் கணக்கைத் திறந்து, அமைப்புகளுக்குள் நுழைந்து, 'முழு உரை உள்ளவை மட்டும்' என்ற சின்னக் கட்டத்தில் ஒரு டிக் போட்டுச் சேமித்தேன்.

"இனிமே உனக்குப் பூட்டே வராது. நிம்மதியா படி, என்னையும் நிம்மதியா விடு."

"இந்த டிக்க நான் எடுக்கணுமா எப்பவாவது?"

"தொடாத. அப்படியே இருக்கட்டும்."

வேறு யாராக இருந்தாலும் ஒரு மாதத்தில் அதைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். அக்கா தொடவில்லை. கையில் கொடுத்த தாளை ஒரு எழுத்து மாற்றாமல் வாசிப்பதுதான் அவள் தொழில். தொடாதே என்றால் தொடமாட்டாள். எனக்கோ அன்று மாலையே அந்தக் கட்டம் மறந்துபோனது.

நான்கு வருஷம் ஓடியது.

அறிவிப்பு அறையில் ஒரு பதிவேடு உண்டு. எந்த நேரம், எந்த வண்டி, என்ன சொன்னோம் என்று ஒவ்வொரு அறிவிப்பையும் அதில் எழுத வேண்டும். அந்தப் பழக்கத்தில் தன் தேடல்களுக்கும் அக்கா ஒரு நோட்டுப் போட்டிருந்தாள். தேதி, எந்தத் தளம், எந்தச் சொற்கள், எத்தனை முடிவுகள். அதை ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்க்கச் சொன்னார் நெறியாளர். சமர்ப்பிக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இந்தத் தேதி தவறினால் பதிவே ரத்து, ஆறு வருஷ உழைப்பும் போச்சு. "நோட்டக் கொஞ்சம் சரிபார்த்துக் குடுடி, உனக்குத்தான் இது கை வந்த கலை" என்று என்னிடம் தள்ளிவிட்டுப் போனாள்.

ஆற அமர என் மேசையில் உட்கார்ந்து, என் கணக்கிலிருந்து ஒவ்வொரு தேடலாகப் போட்டுப் பார்த்தேன். செய்தித்தாள் கணக்கெல்லாம் கச்சிதம். ஆய்வேட்டுத் தளத்தில்தான் இடித்தது. அவள் நாற்பத்தொன்று என்று எழுதிய இடத்தில் எனக்கு அறுபத்து மூன்று. அவள் ஒன்பது, எனக்குப் பதினாறு. அக்கா எண்ணிக்கையில் தப்பு விடுகிறவளா? நடைமேடை எண்ணை வைத்துப் பிழைக்கிறவள். நான் யோசித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். நான்கு வருஷத்துக்கு முந்தைய பக்கம் ஒன்றில் இப்படி இருந்தது: 'நிலைய அறிவிப்பாளர், பணி வாழ்க்கை. முடிவு 0. யாரும் இல்லை.' அதே சொற்களைப் போட்டேன். ஒன்று வந்தது. பக்கத்தில் பூட்டு.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன், வேறொரு ஊர்க் கல்லூரியில், ஒரு பெண் சமர்ப்பித்த ஆய்வேடு. நிலைய அறிவிப்பாளர்களின் பணி வாழ்க்கை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அக்கா தன் முதல் அத்தியாயத்தின் முதல் வரியாக எழுதி வைத்திருப்பது என்ன தெரியுமா? 'இவர்களைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரிகூட எழுதியதில்லை.' அந்த வரியை எனக்குப் போனில் ஆறு தடவை வாசித்துக் காட்டியிருக்கிறாள். அத்தானுக்கு மனப்பாடம். ஆய்வேடு முழுக்க அந்த வரியின் மேல்தான் நின்றது. அந்தப் பூட்டை அவள் கண்ணில் படாமல் நான்கு வருஷம் மறைத்து வைத்தவள் நான்.

ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், நினைக்கத்தான் செய்தேன். முப்பத்தொரு வருஷமாக யாரும் கேட்காத நூல், இந்தப் பன்னிரண்டு நாளிலா எழுந்து வரப்போகிறது? ஆனால் தேர்வாளர்களில் ஒருவர் டிக் போடாமல் தேடினால் போதும், சபையில் அக்காவின் மானம் போகும். அதுவும் போகட்டும். அவள் நோட்டில் நான்கு வருஷமாகப் பச்சை மையில் ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்த எண்கள் எல்லாம் என்னால் பொய்யாகிக் கிடந்தன. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கோரிக்கைப் படிவத்தை நிரப்பி அன்றைக்கே அந்தக் கல்லூரிக்கு அனுப்பினேன். கிடங்குப் பொறுப்பாளரைப் போனில் பிடித்தேன்.

"கீழ் அடுக்குல எங்கயோ இருக்கும்மா. இந்தப் பக்கம் யாரும் வந்ததே இல்ல. தேடணும்" என்றார்.

"தேடுங்க சார். எங்க அக்காவுக்கு வேணும்" என்றேன். அலுவலகப் பேச்சில் அக்காவை இழுத்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் நிலையத்துக்குப் போனேன். அறிவிப்பு அறை மேம்பாலத்தோடு ஒட்டியது. மூன்று பக்கமும் கண்ணாடி, கீழே நான்கு நடைமேடையும் தெரியும். மேசையில் வளைந்த கழுத்தோடு ஒரு மைக், ஒரு போன், பதிவேடு, தொண்டைக்கு வெந்நீர்க் குடுவை. மைக் உயிரோடு இருக்கும்போது ஒரு சிவப்பு விளக்கு எரியும். அப்போது யாரும் மூச்சுக்கூட விடக்கூடாது.

"என்னடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. உன் நோட்டச் சரிபார்த்தேன்."

"சரியா இருக்குல்ல?"

"நீ எழுதினதெல்லாம் சரி. நான்தான் தப்பு பண்ணிட்டேன்க்கா."

அச்செடுத்த தாளை நீட்டினேன். டிக்கைப் பற்றிச் சொன்னேன். அவள் தாளை இரண்டு தடவை படித்தாள். அதற்குள் போன் அடித்தது. கேட்டாள், வைத்தாள், மைக்கைத் திருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே, நாலு நடைமேடையும் கேட்கிற அந்தக் குரலில், ஒரு பிசிறு இல்லாமல், இரண்டாவது நடைமேடைக்கு வர வேண்டிய வண்டி நாற்பது நிமிடங்கள் தாமதம் என்றாள். "ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று முடித்தாள். வருந்த வேண்டியவள் நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் நேரத்தைப் பதிவேட்டில் எழுதினாள். விளக்கு அணைந்தது.

"நாலு வருஷம்" என்றாள்.

மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு மெதுவாகப் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது. அதை நான் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாம்."

"போ. எனக்கு அடுத்த வண்டி இருக்கு."

மறுநாள் மாலை அத்தான் போன் செய்தார். "உங்க அக்கா வாயே திறக்கறதில்லம்மா. நேத்துலேருந்து சாப்பாடு ரெடின்னு கையால சைகை காட்டறா. மூணாவது வீட்டுக்காரங்க வந்து, உடம்பு சரியில்லையான்னு விசாரிச்சுட்டுப் போனாங்க." அவர் கொஞ்சம் தயங்கி, "உன்மேல கோபமில்ல. அந்த முதல் வரியப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கா" என்றார்.

நெறியாளரிடமும் அவளே பேசியிருக்கிறாள். "விட்டுடலாமே மேடம், நாள் இல்ல. யாரும் பார்க்கப் போறதில்ல" என்றாராம் அவர். "நான் பார்த்துட்டேனே" என்றாளாம் அக்கா. இதையும் அத்தான்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் நூலகம் திறந்ததும் வந்தாள். என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, நோட்டை விரித்து, பச்சைப் பேனாவைத் திறந்தாள். முகத்தைத் தூக்கித்தான் வைத்திருந்தாள், ஆனால் வந்துவிட்டாளே!

"அந்தக் கட்டம் எங்க இருக்கு? காட்டு."

காட்டினேன். நான் எடுக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டு, தானே அந்த டிக்கை எடுத்தாள். அதே சொற்களைப் போட்டாள். ஒன்று வந்தது. நோட்டில் தேதி போட்டு, சொற்களை எழுதி, 1 என்று எழுதினாள்.

"இத வரவழை."

"அன்னிக்கே கேட்டாச்சு. தேடிக்கிட்டு இருக்காங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

"கழுத" என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு உயிர் வந்தது.

நூல் கிடைத்துவிட்டது என்று செய்தி வரவே இரண்டு நாள் ஆனது. நூல் வந்து சேர்ந்தபோது ஐந்து நாள் மிச்சம். வெளியே எடுத்துப்போகக் கூடாது, நூலகத்துக்குள்ளேயே வைத்துப் படிக்க வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் நிபந்தனை. பழுப்பு அட்டை, தட்டச்சுப் பிரதி, கடைசிப் பக்கத்தில் திருப்பித் தர வேண்டிய தேதிகளைக் குத்தும் சீட்டு. அந்தச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. அக்கா விடுப்புப் போட்டுவிட்டு வந்து, படிப்பறையில் என் மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். பரீட்சை எழுதப்போகிற பிள்ளை மாதிரி இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டு அட்டையைத் திறந்தாள்.

நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் ஒரு மணி நேரம் கல்லாகவே இருந்தாள். ஆராய்ச்சியில் தன்னை முந்திவிட்டவளின் குறைகளைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். பிறகு திடீரென்று ஒரு சிரிப்பு, படிப்பறை அதிர. நாலு பேர் திரும்பினார்கள். நான் ஓடினேன்.

"இங்க பாரு. தொண்டைக்குன்னு ஒரு அத்தியாயம். உப்புத் தண்ணி எத்தனை தடவை கொப்பளிக்கிறாங்கன்னு கேட்டுக் கேட்டு எழுதியிருக்கா. நாலு ஸ்டேஷன்ல நின்னு கேட்டிருக்கா, புண்ணியவதி."

"உஷ்."

"இதக் கேளு. 'தவறான நடைமேடை எண்ணைச் சொல்லிவிட்ட அறிவிப்பாளர் அந்த எண்ணை வாழ்நாள் முழுக்க மறப்பதில்லை. நான் சந்தித்த ஒவ்வொருவரும் தம் எண்ணைச் சொன்னார்கள்.'" அவள் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "எனக்கு மூணு."

"என்ன மூணு?"

"வேலைக்குச் சேர்ந்த வருஷம். நாலுன்னு சொல்ல வேண்டியத மூணுன்னு சொல்லிட்டேன். பெரியவர் ஒருத்தர் பொண்ணு கல்யாணத்துக்குப் போற வண்டியத் தவற விட்டுட்டார். கண்ணாடிக்கு வெளிய நின்னு என்னையே பார்த்தார், திட்டக்கூட இல்ல. யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்க அத்தானுக்கே தெரியாது."

ஒரே வீட்டில் வளர்ந்தவள். இருபத்தாறு வருஷமாக அவள் குரலைக் கேட்டுக் காது புளித்தவள் நான். இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததை, அக்கா வேலையில் சேரும் முன்பே முகம் தெரியாத ஒருத்தி எழுதி வைத்திருந்தாள். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

மதியம் தாண்டி அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். நான் என் மேசையில் யாருக்கோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து நின்றிருந்தாள், நூல் இரண்டு கையிலும். வாசிக்க ஆரம்பித்தாள். தனக்குள் இல்லை. நாலு நடைமேடைக்கும்.

"'அறிவிப்பு அறைக்குள் நுழைய எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. இந்த ஆய்வு முழுவதையும் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் எழுதினேன். உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஒருவர் என்றாவது எழுதும்போதுதான் இது முழுமை பெறும். அவர் வரும்வரை இது இங்கே காத்திருக்கட்டும்.'"

படிப்பறையில் அத்தனை தலையும் நிமிர்ந்தது. மூலையில் இருந்த முதியவர் என்னைப் பார்த்தார், அடக்க வேண்டியவள் நீதானே என்கிற மாதிரி. நான் அடக்கவில்லை. எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அக்கா உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முத்திரையே இல்லாத அந்தச் சீட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் முதல்னு நினைச்சு ஆறு வருஷம் தனியாக் கிடந்தேன்டி" என்றாள். "ஆள் இருந்திருக்கா."

நான்கு நாளில் முதல் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினாள். அந்த நான்கு நாளும் அத்தான் சமைத்தார், நான் அடிக்குறிப்புகளைப் பார்த்தேன், நெறியாளர் அவள் அனுப்பிய பக்கங்களை அனுப்பிய வேகத்திலேயே படித்துத் திருப்பினார். கடைசி நாள், அலுவலகம் மூட ஒரு மணி நேரம் இருக்கும்போது, மூன்று பிரதிகளையும் மேசையில் வைத்து ரசீது வாங்கிவிட்டாள். வாய்மொழித் தேர்வில், உங்கள் ஆய்வில் புதிது என்ன என்று கேட்டார்கள். "எனக்கு முன்னாடி எழுதினவங்க வெளிய நின்னாங்க. நான் உள்ள இருக்கேன்" என்றாள். வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அது நன்றாகக் கேட்டது.

பட்டம் கிடைத்த ஆய்வேடுகளைத் தரவுத்தளத்தில் ஏற்றுவது எங்கள் நூலகத்தில் என் வேலை. அக்காவுடையதை ஏற்றும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். முழு உரையையும் எல்லோருக்கும் திறந்துவிட்டேன். அதன் முதல் பத்தியில் இப்போது அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது. 'கண்ணாடிக்கு வெளியே ஒருவர் எனக்காக முப்பத்தொரு வருஷம் நின்றிருந்தார்' என்று ஆரம்பிக்கிறது. நன்றியுரையில் என்னையும் சேர்த்திருக்கிறாள்: 'டிக் போட்டதற்கும், அதை வந்து சொன்னதற்கும் என் தங்கைக்கு.' மானத்தை வாங்கிவிட்டாள், எடுக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள்.

"இப்ப அந்தக் கட்டத்துல டிக் போடு" என்றாள். "என்னைப் போல ஒருத்தி எங்கயாவது இருப்பா. அவளுக்கு உன்னைப் போல ஒரு தங்கச்சியும் இருப்பா."

போட்டேன். அதே சொற்களைத் தேடினோம். ஒன்று வந்தது, அக்காவுடையது, பூட்டு இல்லாமல். டிக்கை எடுத்தோம். அதற்குக் கீழே இன்னொன்றும் வந்தது, பூட்டோடு. அதை ஸ்கேன் செய்யக் கேட்டு அந்தக் கல்லூரிக்கு நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. அக்கா கைப்பையிலிருந்து பழைய நோட்டை எடுத்து, பச்சைப் பேனாவால், வழக்கம்போலத் தேதி போட்டு எழுதினாள்.

'நிலைய அறிவிப்பாளர், பணி வாழ்க்கை. முடிவு 2. இரண்டு பேர் இருக்கிறோம்.'